திருடுபோய்த் திரும்பி வந்த கார்... வாங்கலாமா, வேண்டாமா?

விலையைக் கேட்டதும் மனசு துள்ளும். ஐந்து வருடம்கூட ஆகாத கார். ஒரே ஓனர், குறைந்த கிலோமீட்டர். ஆனால், இதே மாடல் வெளியில் போகும் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. 'ஏன் இவ்வளவு கம்மி?' என்று கேட்டால், விற்பவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்வார்: "ஒரு தடவை திருடு போச்சுங்க. மூணு வாரத்துல போலீஸ் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டாங்க. இப்ப எல்லாம் கிளியர்."

இந்த இடத்தில்தான் வீடு இரண்டாகப் பிரியும். 'திருட்டுப்போன பொருள் நமக்கு எதுக்குப்பா?' என்பார் அம்மா. 'போலீஸே கொடுத்ததுக்கப்புறம் என்னம்மா பிரச்னை?' என்பான் மகன். இரண்டு பேச்சிலும் பாதிதான் நியாயம் இருக்கிறது. கார் ஒருமுறை திருடுபோனது என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. அதேபோல, போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது என்பதாலேயே அது விற்பனைக்குத் தயார் என்றும் சொல்லிவிட முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்: இந்தக் காரை இன்றைக்கு விற்கும் உரிமை யாரிடம் இருக்கிறது?

யாருக்கும் நடக்கலாம்

2017 அக்டோபரில், அப்போது டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் நீல நிற வேகன் ஆர், தலைமைச் செயலகத்துக்கு வெளியிலேயே திருடுபோனது. இரண்டே நாளில் காஸியாபாத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 2024 மார்ச்சில், அப்போதைய பா.ஜ.க தேசியத் தலைவர் ஜே.பி.நட்டாவின் மனைவி பயன்படுத்திய ஃபார்ச்சூனர் டெல்லியில் காணாமல்போய், வாரணாசியில் மீட்கப்பட்டது.

புதுச்சேரியும் இதற்கு விலக்கு இல்லை. 2025-ல் சென்னை அண்ணா நகரில் வீட்டு வாசலில் நின்ற சொகுசு கார் திருடுபோன வழக்கில், ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரை சென்னை போலீஸார் கைது செய்தது புதுச்சேரியில்தான். பல ஆண்டுகளாக நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை அவர் திருடியதாக போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது.

நம் ஊரின் அமைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. கன்னியக்கோயில், மதகடிப்பட்டு, காலாப்பட்டு என எந்தப் பக்கம் போனாலும் அரை மணி நேரத்துக்குள் வேறு மாநிலத்தின் போலீஸ் எல்லை, வேறு ஆர்.டி.ஓ. 'பி.ஒய். 01' நம்பர் இருப்பதால் அந்த கார் புதுச்சேரியிலேயே ஓடியது என்றும் நம்பிவிடக் கூடாது. வரி குறைவு என்பதற்காக, இங்கே வசிக்காதவர்களும் புதுச்சேரி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017-ல் கேரளாவில் பெரிதாக வெடித்தது. அதனால் நம்பர் பிளேட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்யாமல், காரின் கதையை காகிதத்தில் பார்ப்பதே பாதுகாப்பு.

மூன்று வகை 'மீட்பு'

'திருடுபோய்க் கிடைத்த கார்' என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே மூன்று வகை உண்டு.

முதல் வகை, சில நாள்களில் கிடைத்தது. யாரோ எடுத்துக்கொண்டு போய், பெட்ரோல் தீர்ந்ததும் சாலையோரம் விட்டிருப்பார்கள். நம்பர் பிளேட், சேஸி நம்பர் எல்லாம் அப்படியே இருக்கும். மூன்றில் சிக்கல் குறைவானது இதுதான்.

இரண்டாம் வகை, மாதக்கணக்கில் கழித்து வேறு ஊரில், வேறு நம்பரோடு கிடைத்தது. இதில் சேஸி நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ராவியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி நடந்திருந்தால், பதிவு அதிகாரியின் அனுமதியோடு எண் மறுபடி பொறிக்கப்பட்டதற்கான ஆவணம் இருக்க வேண்டும். அது இல்லாத காரைத் தொடவே வேண்டாம்.

மூன்றாம் வகை, இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு கிடைத்தது. வெளியே பார்க்க மிகச் சுத்தமாக இருக்கும் கார்கூட இந்த வகையாக இருக்கலாம். ஏமாற்றமும் இதில்தான் அதிகம்.

சாவி கையில் இருக்கும், உரிமை இருக்காது

திருட்டு கார் மீட்கப்பட்டதும் அது வழக்கின் ஆதாரப் பொருளாகிவிடுகிறது. ஓனராகவே இருந்தாலும், ஸ்டேஷனுக்குப் போய் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு, உத்தரவு வாங்கித்தான் எடுக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457 பிரிவுகளின்கீழ் இது நடந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 497, 503 பிரிவுகள்.

வாகனங்களை வருடக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-ல் 'சுந்தர்பாய் அம்பாலால் தேசாய்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கைப்பற்றிய பொருள்களை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவலில் வைத்திருக்கத் தேவையில்லை, புகைப்படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால்தான் இப்போது ஓனர்களுக்கு கார் சீக்கிரம் கிடைக்கிறது.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் 'இடைக்கால ஒப்படைப்பு'. வழக்கு முடியும்வரை காரை விற்க மாட்டேன், அடையாளத்தை மாற்ற மாட்டேன், கோர்ட் கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன் என்று ஓனர் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். இவை வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனைகள். திருடன் பிடிபட்டு வழக்கு நடந்தால், அது முடிய வருடங்கள் ஆகலாம்.

அதாவது, உங்களிடம் விற்பவர் உண்மையான ஓனராக, நேர்மையானவராக இருக்கலாம். ஆர்.சி அவர் பெயரிலேயே இருக்கலாம். இருந்தாலும், அந்தப் பத்திரம் உயிரோடு இருக்கும்வரை அவரால் விற்க முடியாது. பலருக்கு இது நினைவிலேயே இருக்காது. 'போலீஸ் கொடுத்துட்டாங்க' என்று அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. பாதிக் கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். கார் கைமாறிய பிறகு கோர்ட் கூப்பிட்டால் அவருக்கும் சிக்கல், காரை வைத்திருக்கும் உங்களுக்கும் அலைச்சல்.

வழி இல்லாமல் இல்லை. விற்பனைக்கு அனுமதி கேட்டு ஓனர் அதே கோர்ட்டில் மனு போடலாம். அனுமதி எழுத்தில் கிடைத்த பிறகு வாங்கலாம். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க' என்ற வாய்வார்த்தை அதற்கு ஈடாகாது.

இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்திருந்தால்?

கார் திருடுபோய் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் அறிக்கை கொடுத்த பிறகு, இன்ஷூரன்ஸ் நிறுவனம் பாலிசியில் உள்ள ஐ.டி.வி தொகையை அடிப்படையாக வைத்து க்ளெய்மை முடிக்கும். அப்போது ஓனரிடமிருந்து ஆர்.சி, எல்லா சாவிகள், கையெழுத்துப் போட்ட மாற்றப் படிவங்கள், உரிமையை ஒப்படைக்கும் கடிதம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அதன்பின் கார் கிடைத்தால், அது நிறுவனத்துக்குச் சேர வேண்டியது. பழைய ஓனருக்கு அதை விற்கும் உரிமை கிடையாது.

எனவே, இரண்டில் ஒன்று காகிதத்தில் இருக்க வேண்டும். க்ளெய்ம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் தரும் கடிதம். அல்லது, அந்த நிறுவனமே ஏலத்திலோ நேரடியாகவோ காரை விற்றதற்கான ஆவணம். விற்பவரிடம் ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது என்றால், இரண்டாவது சாவி எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

பிரெஞ்சு காலத்தில் ஒரு சலுகை இருந்தது

நெப்போலியன் காலத்தில் 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம், 1819-ல் புதுச்சேரிக்கும் வந்தது. அதில் திருட்டுப் பொருளுக்கு ஒரு சுவாரஸ்யமான விதி உண்டு. பொருளைப் பறிகொடுத்தவர் மூன்று வருடங்களுக்குள் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், இப்போது வைத்திருப்பவர் அதைச் சந்தையிலோ, பொது ஏலத்திலோ, அந்த மாதிரிப் பொருளை விற்கும் வியாபாரியிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் உரியவர் பொருளை எடுத்துக்கொள்ள முடியும். கடையில் நம்பி வாங்கியவர் முழுதாக நஷ்டப்பட வேண்டாம் என்ற எண்ணம்.

இன்று இங்கே செல்லுபடியாவது இந்தியாவின் 1930-ம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம். அதன் 27-வது பிரிவின் அடிப்படை ரொம்ப எளிது: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. திருடனிடமிருந்து நான்கு கை மாறி, ஐந்தாவதாக நீங்கள் முழு விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், உண்மையான ஓனர் வந்தால் காரை விட்டுவிட வேண்டியதுதான். பணத்துக்கு உங்களிடம் விற்றவர் பின்னால்தான் ஓட வேண்டும்.

தெரிந்தே வாங்கினால் விஷயம் வேறு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்கீழ் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். நம்பவே முடியாத விலையில், பேப்பர் இல்லாமல் வாங்கினால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது கடினம்.

அட்வான்ஸுக்கு முன் செய்ய வேண்டியவை

1. எஃப்.ஐ.ஆர் நகல்: எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, என்ன எண் என்று பாருங்கள். அதில் உள்ள சேஸி, இன்ஜின் எண்களும் ஆர்.சி-யில் உள்ளவையும் காரில் பொறித்தவையும் ஒன்றாக இருக்க வேண்டும். சேஸி எண்ணில் மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. இருந்தால் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள்.

2. கோர்ட் உத்தரவு: காரை ஒப்படைத்த உத்தரவின் சான்றிட்ட நகலைக் கேட்டு, நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். 'இ-கோர்ட்ஸ்' இணையதளத்தில் ஸ்டேஷன் பெயரையும் எஃப்.ஐ.ஆர் எண்ணையும் கொடுத்து வழக்கின் நிலையைத் தேடலாம். புரியவில்லை என்றால், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

3. திருட்டுப் பட்டியல்: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில், வாகனம் திருடுபோனதாகவோ மீட்கப்பட்டதாகவோ பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். கார் கிடைத்த பிறகும் அங்கே 'திருடுபோனது' என்றே இருந்தால், நாளை குடும்பத்தோடு திருப்பதி போகும் வழியில் எந்த செக்போஸ்ட்டிலும் உங்களை நிறுத்தலாம். அந்தப் பதிவைச் சரிசெய்ய வைப்பது விற்பவரின் பொறுப்பு. சரியான பிறகு பேச்சைத் தொடருங்கள்.

4. பரிவாகன் விவரம்: 'எம்-பரிவாகன்' ஆப்பில் ஓனர் விவரம், கடன் பதிவு, தகுதிச் சான்று, தடைப்பட்டியல் நிலை ஆகியவற்றைப் பாருங்கள். கார் திருடனிடம் இருந்த நாள்களில் விழுந்த இ-சலான் அபராதங்களும் நிலுவையில் இருக்கலாம். பழைய ஃபாஸ்டேகை விற்பவர் மூடிவிட வேண்டும்.

5. தடையில்லாச் சான்று: தமிழ்நாட்டு நம்பர் காரை புதுச்சேரிக்குக் கொண்டுவந்தாலும், இங்கிருந்து கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ கொண்டுபோனாலும் ஆர்.டி.ஓ-வின் என்.ஓ.சி தேவை. மோட்டார் வாகனச் சட்டம் 48-வது பிரிவின்படி, அந்த வாகனத்தின் மேல் திருட்டு வழக்கு இல்லை என்று போலீஸிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே அதைத் தர வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் இங்கேயே நின்றுவிடும். அதனால், என்.ஓ.சி கைக்கு வந்த பிறகு முழுப் பணம் என்று பேசுங்கள். காரும் நீங்களும் புதுச்சேரி என்றால் இந்த என்.ஓ.சி வேலை வராது. அப்போது மேலே சொன்ன சோதனைகளை நீங்களேதான் செய்ய வேண்டும்.

6. கன்சல்டிங் மூலம் வாங்கினால்: பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ-விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், தங்களிடம் விற்பனைக்கு வந்த வாகனத்தைப் பற்றி ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றைக் கேளுங்கள். புரோக்கரின் விசிட்டிங் கார்டை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

வழக்கமான சோதனைக்குப் போகும்போது, 'இது திருடுபோய்க் கிடைத்த கார்' என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அவர் சரியான இடங்களைப் பார்ப்பார். ஸ்டீயரிங் லாக், இக்னிஷன், கதவு லாக், டேஷ்போர்டுக்கு அடியில் வயரிங், ஈ.சி.எம் ஆகியவற்றில் கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதிய சாவி புரோகிராம் செய்து, திருடன் கையில் இருந்த சாவி இனி வேலை செய்யாதபடி மாற்ற வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, மியூசிக் சிஸ்டம், சைலன்ஸருடன் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் பழையபடி இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

இன்னொன்று, ஸ்டேஷன் வளாகத்தில் எத்தனை நாள் நின்றது? கடல் காற்று அடிக்கும் ஊரில் நான்கு மாதம் வெயிலிலும் மழையிலும் அசையாமல் நின்ற கார், நான்கு வருடம் ஓடிய காரைவிட மோசமாக இருக்கலாம். அடிப்பகுதித் துரு, பிரேக் டிஸ்க், டயர், பேட்டரி, எலி கடித்த வயர் என எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரில் சேஸி எண்ணைக் கொடுத்து, திருட்டுக்கு முன்னும் பின்னும் பதிவான கிலோமீட்டரையும் ஒப்பிடுங்கள்.

விலை எவ்வளவு குறைந்தால் லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியில் 5 லட்சம் போகும் கார் 4.5 லட்சத்துக்கு வருகிறது. மிச்சம் 50,000 ரூபாய். அதில் லாக் செட், சாவி, பேட்டரி, டயர் செலவைக் கழியுங்கள். வக்கீலுக்கும் மெக்கானிக்குக்கும் கொடுப்பதைக் கழியுங்கள். நாளை நீங்கள் விற்கும்போதும் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போதும் விலை குறையும். அதையும் கழியுங்கள். மீதி 10,000 ரூபாய்கூடத் தேறவில்லை என்றால், கதை இல்லாத காரை 5 லட்சத்துக்கே வாங்கிவிடலாம். பேப்பர் சரியில்லாத காருக்கோ எந்தத் தள்ளுபடியும் போதாது. 2 லட்சம் குறைத்துக் கொடுத்தாலும், நாளை பறிமுதல் ஆனால் போவது மொத்த 3 லட்சம்.

பாலிசி எடுக்கப்போகும் நிறுவனத்திடமும் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். மறைத்துவிட்டு, பின்னால் க்ளெய்ம் நேரத்தில் அது வெளியே வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வாங்குவது என்று முடிவெடுத்தால்...

எல்லாம் சரியாக இருந்து வாங்குகிறீர்கள் என்றால், ஸ்டாம்ப் பேப்பரில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். கார் திருடுபோனது, மீட்கப்பட்ட தேதி, எஃப்.ஐ.ஆர் எண், கோர்ட் உத்தரவின் எண், இன்ஷூரன்ஸ் தொகை பெறவில்லை என்ற உறுதி, உரிமையில் குறை வந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தரும் பொறுப்பு ஆகியவை அதில் வர வேண்டும். பணத்தை வங்கி மூலம், ஆர்.சி-யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். டெலிவரி எடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பெயர் மாற்றத்தை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். படிவம் 29, 30 கொடுத்து 30 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்தால் ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று 2018-ல் 'நவீன் குமார்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே, இது விற்பவருக்கும் நல்லது.

விற்பவர் பக்கமும் கொஞ்சம் யோசிக்கலாம். தன் காரைப் பறிகொடுத்து, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து, திரும்பப் பெற்றவர் அவர். கேட்காமலேயே உண்மையைச் சொன்னவர் என்றால், கேட்ட பேப்பரையும் எடுத்துக் கொடுப்பார். அவரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். 'சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, வெளியூர் பார்ட்டி ஒருத்தர் பணத்தோட ரெடியா இருக்காரு' என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த வெளியூர் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.